அரையணாப் பாட்டு

எட்டுப் பக்கம், மிஞ்சினால் பதினாறு. சாணித்தாளில் அச்சடித்து, மடித்து, தைத்தும் தைக்காமலும் காலணாவுக்கும் அரையணாவுக்கும் விற்ற பாட்டுப் புத்தகங்கள் ஒரு காலத்தில் தமிழ்நாட்டில் போகாத ஊர் இல்லை. சென்னை குஜிலிக் கடைத்தெருவில் அச்சாகி, ரயிலேறி, சந்தையில் பாடப்பட்டு, நாடகக் கொட்டகை வாசலில் கைமாறி, போலீஸ் பீரோவுக்குள் அடைபட்டு, பிறகு சினிமாக் கொட்டகை வாசலில் வந்து நின்ற காகிதம் அது. அதன் கதையைச் சொல்ல விருதுநகர், சிவகாசி வட்டாரத்துக்கு ஒரு தனி உரிமை உண்டு. அந்தப் புத்தகங்களில் இருந்த பாட்டுகளைப் பாடிப் பாடியே ஜெயிலுக்குப் போனவர் சிவகாசியில் பிறந்தவர். பாட்டு எழுதியவரின் பேரப்பிள்ளைகள் சாத்தூர்ப் பக்கத்துக்காரர்கள். காகிதமும் மையும்தான் இன்றைக்கு இங்கே பல ஆயிரம் குடும்பங்களுக்குச் சோறு போடுகின்றன.

புத்தகம் பிறந்த இடத்திலிருந்து தொடங்கலாம். 19-ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் சென்னைப் பட்டணம் மளமளவென்று மாறிக்கொண்டிருந்தது. 1895-இல் மின்சார டிராம் ஓடத் தொடங்கியது. கிண்டியில் குதிரைப் பந்தயம் நடந்தது. அதில் சொத்தைத் தோற்றவர்கள் இருந்தார்கள். பஞ்சம் பிழைக்க வந்தவர்கள், மில் வேலைக்கு வந்தவர்கள், கோர்ட்டுக்கு வந்து ஊர் திரும்பாதவர்கள் என்று நகரத்தில் ஜனம் நெருக்கியது. இவர்களில் பெரும்பாலோருக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். பலருக்கு அதுவும் வராது. பத்திரிகை அவர்கள் கைக்கு எட்டவில்லை. பூக்கடை, பூங்காநகர்ப் பக்கத்துக் குஜிலி பஜாரில் விற்ற பாட்டுப் புத்தகம் எட்டியது. ஒருவர் படிக்க, பத்துப் பேர் கேட்க, நாலு பேர் மனப்பாடம் செய்துகொண்டு போனார்கள்.

எதைத்தான் பாடவில்லை? தாது வருஷத்துப் பஞ்சம், புயல், வெள்ளம், பிளேக், ரயில் கவிழ்ந்தது, அரிசி விலை ஏறியது, குடிகாரன் வீட்டுச் சண்டை, குதிரைப் பந்தயப் பைத்தியம், ஊரையே கலக்கிய கொலை. 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் கப்பல் சென்னையில் குண்டு வீசியதும் பாட்டாயிற்று. கும்மி, சிந்து, லாவணி, ஒப்பாரி, தெம்மாங்கு என்று வாய்க்கு வந்த வடிவம் எல்லாம் இந்தப் பக்கங்களில் கிடக்கின்றன. நாலடி, எட்டடிக் கண்ணிகள். ஒவ்வொன்றிலும் ஒரு காட்சி, ஒரு ஆள், ஒரு தெரு. வித்வான்கள் இவற்றை இலக்கியம் என்று ஏற்கவில்லை. நூலகங்கள் வாங்கவில்லை. ஆ. இரா. வேங்கடாசலபதி ‘முச்சந்தி இலக்கியம்’ எழுதித்தான் இதற்கு ஒரு மரியாதையான இருக்கை போட்டுக் கொடுக்க வேண்டியிருந்தது. நம் நகரங்களில் சாதாரண ஜனங்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்று தேடுகிறவனுக்கு, அந்தக் காலத்துக் காவியங்களையும் புராணங்களையும்விட இந்தத் தூக்கியெறியும் காகிதம்தான் அதிகம் சொல்லும். இதை நான் ஆராய்ச்சிக் கணக்காகச் சொல்லவில்லை; படித்துப் படித்து வந்த நம்பிக்கையாகச் சொல்கிறேன்.

அப்படிப்பட்ட ஒரு புத்தகத்தைக் கையில் வாங்கிப் பார்த்தால் முதலில் கண்ணில் படுவது மேலட்டைப் படம். மரக்கட்டையில் செதுக்கிய பழைய பிளாக். உள்ளே இருக்கும் பாட்டுக்கும் அதற்கும் சம்பந்தம் இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை; அச்சாபீஸில் எந்தக் கட்டை இருந்ததோ அது. அதற்குக் கீழே பாடியவர் பெயர், அவர் ஊர், அவருடைய ஆசிரியர் பெயர், அச்சுக்கூடத்தின் பெயர், விலை. பின்னட்டையில் அதே கடையில் கிடைக்கும் மற்றப் புத்தகங்களின் பட்டியல். எழுத்து தேய்ந்திருக்கும், சில இடங்களில் கால் ஒடிந்திருக்கும். ஒற்றும் புள்ளியும் அச்சுக் கோத்தவர் இஷ்டம். தாளை வேகமாகத் திருப்பினால் ஓரம் பொடியாக உதிரும்.

உள்ளே ஒவ்வொரு பாட்டின் தலையிலும் சின்ன எழுத்தில் ஒரு வரி இருக்கும். இன்ன பாட்டின் மெட்டு, இன்ன வர்ணமெட்டு என்று. அவசரத்தில் படிப்பவர்கள் தாண்டிப் போய்விடுகிற வரி அது. இந்தப் புத்தகத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது. சுரம் எழுதி அச்சடிக்கக் காசும் கிடையாது, இடமும் கிடையாது. அதனால் ஜனங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த ஒரு பாட்டைச் சுட்டிக்காட்டி, அதன் சந்தத்தில் இதைப் பாடிக்கொள் என்று சொல்லிவிடுவார்கள். வாங்குகிறவனுக்கு மெட்டு எங்கிருந்து தெரியும்? பெரும்பாலும் நாடகக் கொட்டகையிலிருந்து. நேற்று ராத்திரி ராஜபார்ட் பாடிய மெட்டில் இன்று காலை தெருவில் விலைவாசிப் பாட்டு ஓடும். மேடைக்கும் தெருவுக்கும் நடுவில் இப்படி ஓயாத போக்குவரத்து இருந்தது. இரண்டு கரைக்கும் போய் வந்த ஓடம் இந்த அரையணாப் புத்தகம்.

மேடைக்கு அந்த மெட்டுகள் வந்த வழியும் நீளமானது. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பார்ஸி நாடகக் குழுக்கள் வடக்கிலிருந்து தெற்கே சுற்றி வந்தன. ஜோடனை, திரைச்சீலை, ஆர்மோனியம், இந்துஸ்தானி மெட்டு எல்லாம் அவர்கள் கையோடு வந்தவை. தூத்துக்குடிப் பக்கம் காட்டுநாயக்கன்பட்டியில் 1867-இல் பிறந்த சங்கரதாஸ் சுவாமிகள் அந்தப் புதுச் சரக்கைத் தமிழ் யாப்போடு சேர்த்துப் பிசைந்தார். 1922-இல் அவர் மறையும்போது தென்பாண்டி நாட்டு மேடை முழுக்க அவருடைய பாட்டாக இருந்தது. வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன் என்று இன்றும் நடக்கும் நாடகங்கள் அவர் போட்ட தடத்தில்தான் ஓடுகின்றன.

புத்தகம் தெற்கே இறங்கியது ரயிலால். மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கு 1876-இல் ரயில் ஓடத் தொடங்கியபோது விருதுபட்டியும் அதில் ஒரு ஸ்டேஷன். பருத்தி, மிளகாய், பருப்பு, எண்ணெய் என்று சரக்கு ஏறி இறங்கிய ஊருக்குப் பாட்டும் ஏறி இறங்கியது. ஊரின் பெயர் விருதுநகர் என்று மாறியது 1923-இல். சந்தை கூடும் நாளில் ஆணும் பெண்ணுமாக ஒரு ஜோடி டேப் அடித்துக்கொண்டு கொலைச்சிந்து பாடுவார்கள். ஆண் கதையை இழுக்க, பெண் பின்பாட்டுப் பாட, கூட்டம் கூடும். கத்தி ஓங்குகிற இடத்தில் பாட்டு நிற்கும். மிச்சம் புத்தகத்தில். மிளகாய் மூட்டை இறக்கிவிட்டுக் கூலியோடு நிற்கிற ஆள் அரையணாவை எடுத்து நீட்டுவான். வீட்டில் பள்ளிக்கூடம் போகிற பையன் இருந்தால் ராத்திரி சிம்னி விளக்கடியில் அவன் பாடு திண்டாட்டம். முழுச் சிந்தையும் படித்துக் காட்டியே ஆக வேண்டும்.

நாடகம் இங்கே கோயில் கொடையோடு சேர்ந்தது. மாசி, பங்குனி, சித்திரை மாதங்களில் கரிசல்காட்டு ஊர்களில் பொங்கல் சாட்டினால் ஒரு நாள் நாடகம் இல்லாமல் போகாது. விருதுநகர் பராசக்தி மாரியம்மன் கோயில் பங்குனிப் பொங்கலுக்குச் சுற்றுவட்டாரமே திரண்டு வரும். ராத்திரி பத்து மணிக்கு ஆர்மோனியம் தொடங்கினால் விடியற்காலம் வரை. மைக் இல்லாத அந்த நாளில் கடைசி வரிசைக்குக் கேட்கும்படி பாடியவனுக்குத்தான் பெயர். கூட்டத்தில் பாதிப் பேர் மறுநாள் அந்தப் பாட்டைத் தாங்களே பாடிப் பார்க்க விரும்புவார்கள். கொட்டகை வாசலில் பாட்டுப் புத்தகம் அதற்காகவே காத்திருக்கும்.

இந்த மேடைக்குத்தான் விஸ்வநாததாஸ் வந்தார்.

1886-இல் சிவகாசியில், முடிதிருத்தும் மருத்துவர் சமூகத்தில் பிறந்தவர். பின்னாளில் வாழ்ந்தது திருமங்கலத்தில். சின்ன வயதிலேயே மேடையேறிவிட்டார். ஸ்திரீபார்ட், ராஜபார்ட் இரண்டும் கட்டியவர். முருகன் வேஷம் அவருக்கென்றே அமைந்தது. குரல் அப்படி. ஆனால் சாதியைக் காட்டி அவரோடு ஜோடியாக மேடையேற மறுத்தவர்கள் இருந்தார்கள். சாமி வேஷத்தில் அவரைக் கும்பிட்ட ஜனம், வேஷம் கலைந்தபின் எட்ட நிறுத்திய ஊர்களும் இருந்தன. அந்த அவமானத்தோடுதான் அவர் ஊர் ஊராகப் போய்ப் பாடினார். தனக்கென்று குழு வைத்துக்கொண்டு நடத்தினார். தியாகிகள் வரலாற்றை எழுதும்போது இந்தப் பகுதியை ஓரத்தில் தள்ளுவது எனக்குச் சம்மதம் இல்லை. வெள்ளைக்காரனை எதிர்த்துப் பாடுவதற்கு ஒரு துணிச்சல் வேண்டும். தன்னைத் தொட மறுக்கிற சக நடிகனோடு நின்றுகொண்டு அதைப் பாட இன்னொரு துணிச்சல் வேண்டும்.

1919 ஏப்ரலில் ஜாலியன்வாலாபாக் நடந்தது. மதுரையில் பாஸ்கரதாஸ் பஞ்சாப் படுகொலையைப் பாட்டாக எழுதினார். 1892-இல் வெள்ளைச்சாமி என்ற பெயரில் பிறந்து, பாஸ்கரதாஸ் ஆனவர் அவர். நாடகக்காரர்கள் அவரிடம் ஆள் அனுப்பிப் பாட்டு வாங்கிப் போவார்கள். காந்தி, ராட்டை, கதர், கள்ளுக்கடை மறியல், அந்நியத் துணி என்று அன்றாடம் தெருவில் நடப்பது எல்லாம் அவர் கையில் பாட்டாகும். ஜனங்களுக்கு ஏற்கெனவே பழகிய மெட்டு, புதுச் சேதி. அதை விஸ்வநாததாஸ் தொண்டையில் ஏற்றினால் ஒரு ராத்திரியில் ஆயிரம் பேருக்குப் பாடம் ஆகிவிடும். அங்கிருந்து புத்தகம், கிராமபோன் தட்டு, வண்டிக்காரன் வாய்.

நாடகங்களைக் கட்டுப்படுத்த 1876-லேயே வெள்ளைக்கார அரசு சட்டம் போட்டிருந்தது. ஆனால் வள்ளி திருமணம் புராணக் கதை. அதை ஆட்சேபிக்க என்ன இருக்கிறது? கதை நடந்துகொண்டிருக்கும்போது நடுவில் பாட்டு நுழையும். வள்ளி தினைப்புனம் காக்கிறாள். பறவைகளை விரட்ட வேண்டும். அந்த இடத்தில் விஸ்வநாததாஸ் கொக்கைப் பற்றிப் பாடுவார். வெள்ளைக் கொக்கு. எங்கிருந்தோ வந்து நம் பொருளைத் தின்கிற கொக்கு. அது யார் என்று கூட்டத்தில் இருக்கிற கைப்பிள்ளைக்குக்கூடத் தெரியும். கைதட்டல் நிற்காது, மறுபடி பாடச் சொல்வார்கள், மறுபடி பாடுவார். முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் போலீஸ்காரர் கொக்கைப் பற்றிய பாட்டு என்று எழுதிக்கொண்டு போவதா, வேறு ஏதாவது எழுதுவதா? இந்தப் பாட்டின் பலமே அதன் சின்ன உருவம்தான். பெரிய நாடகத்தைத் தடை செய்யலாம், ஆளைப் பிடித்து உள்ளே போடலாம். நாலு கண்ணியை எங்கே போய்ப் பிடிப்பது?

பிடித்துத்தான் பார்த்தார்கள். விஸ்வநாததாஸ் பலமுறை சிறைக்குப் போனார். மேடையிலேயே கைது செய்யப்பட்டார். வெளியே வந்ததும் அடுத்த ஊரில் நோட்டீஸ் ஒட்டியிருக்கும். ஆளுக்குப் பிறகு காகிதத்தைத் தேடினார்கள். 1930-களின் தொடக்கத்தில், சட்டமறுப்பு இயக்கம் நடந்தபோது, தமிழில் அச்சான பல பாட்டுப் புத்தகங்கள் தடை செய்யப்பட்டன. பாஸ்கரதாஸின் பாட்டுத் தொகுப்பும் அந்தப் பட்டியலில் உண்டு. கடையில் இருந்த பிரதிகளை அள்ளிக்கொண்டு போனார்கள். ஒன்றிரண்டைச் சாட்சிக்காக ஃபைலில் வைத்துக் கட்டினார்கள். அந்தக் கட்டுகள் சென்னை ஆவணக் காப்பகத்திலும் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்திலும் இன்றும் இருக்கின்றன. வீடுகளில் இருந்த பிரதிகள் கரையானுக்கும் மழைக்கும் போக, கைப்பற்றப்பட்டவை பிழைத்துக் கிடக்கின்றன. சு. தியடோர் பாஸ்கரன் போன்றவர்கள் அந்த ஃபைல்களைத் தேடிப் படித்ததால்தான் நாடகக்காரர்களின் இந்தப் போராட்டம் நமக்கு விவரமாகத் தெரிய வந்தது.

பாஸ்கரதாஸ் இன்னொரு காரியம் செய்தார்: நாட்குறிப்பு எழுதினார். 1917 தொடங்கி 1951 வரை. இன்று யார் வந்தார், எந்தப் பாட்டை எழுதினேன், யார் எத்தனை ரூபாய் கொடுத்தார், எந்த ஊருக்கு எதில் போனேன் என்று சுருக்கமாக, அலங்காரம் இல்லாமல். 1952-இல் நாகலாபுரத்தில் அவர் இறந்தார். நாட்குறிப்புகள் குடும்பத்தில் இருந்தன. அவருடைய பேரப்பிள்ளைகள்தான் சாத்தூர்ப் பக்கத்து நென்மேனி மேட்டுப்பட்டியின் எழுத்தாளர்கள் ச. தமிழ்ச்செல்வனும் கோணங்கியும், நாடகக்காரர் முருகபூபதியும். முருகபூபதி தொகுத்துப் பதிப்பித்ததால் அந்த நாட்குறிப்புகள் புத்தகமாகக் கிடைக்கின்றன. மதுரையின் அன்றாடம் எப்படி இருந்தது, ஒரு பாட்டுக்காரனின் ஒரு நாள் எப்படிக் கழிந்தது என்று அறிய இதைவிட நேரான சாட்சி எனக்குத் தெரிந்து வேறு இல்லை. பாட்டில் நகரத்தைப் பாடியவன், ராத்திரி விளக்கணைக்கும் முன் இரண்டு வரியில் தன் நகரத்தைக் கணக்கெழுதி வைத்திருக்கிறான்.

1931 அக்டோபர் 31 அன்று சென்னை கினிமா சென்ட்ரலில் ‘காளிதாஸ்’ படம் வெளியானது. தமிழ் பேசிய முதல் படம். பாட்டுகள் பாஸ்கரதாஸ். காளிதாசன் கதைக்குச் சம்பந்தமே இல்லாமல் காந்தியின் ராட்டையைப் பற்றிய பாட்டு அதில் வந்தது. நாடக மேடையின் பழக்கம் அப்படியே திரைக்கு ஏறியதற்கு அதுவே அடையாளம். பாட்டுப் புத்தகமும் கூடவே இடம் மாறியது. டூரிங் டாக்கீஸ் வாசலில் கதைச் சுருக்கமும் பாட்டு வரிகளுமாக விற்ற சினிமாப் பாட்டுப் புத்தகம் இந்தக் குஜிலிப் புத்தகத்தின் நேர் வாரிசு. கதையைப் பாதியில் நிறுத்தி மீதியை வெள்ளித்திரையில் பார்க்கச் சொன்னது, சந்தையில் கொலைச்சிந்து பாடியவர்கள் கற்றுக்கொடுத்த வித்தை. ஒரு நஷ்டமும் அங்கே நேர்ந்தது. சினிமாப் பாட்டுக்கு ஒரே மெட்டு, அது படத்தோடு பிறந்து படத்துக்கே சொந்தம். தெருவில் நடப்பதை யாரும் எடுத்து எழுதிச் செருகிக்கொள்ள அதில் இடம் குறைந்துவிட்டது.

விஸ்வநாததாஸ் சினிமாவுக்குப் போகவில்லை. 1940 டிசம்பர் 31. சென்னையில் ராயல் தியேட்டர் மேடை. வள்ளி திருமணம். மயில் வாகனத்தில் முருகனாக உட்கார்ந்து பாடிக்கொண்டிருக்கும்போதே உயிர் பிரிந்தது. வயது 54. மயில்மேல் இருந்த கோலத்திலேயே மறுநாள் ஊர்வலம் போனதாகச் சொல்வார்கள். திருமங்கலத்தில் அரசு நினைவு இல்லம் இருக்கிறது. பிறந்த சிவகாசியில், நாளுக்கு லட்சக்கணக்கில் தாள் ஓடும் ஊரில், அவர் பாடிய பாட்டுகளை மட்டும் சேர்த்து ஒரு நல்ல பதிப்பு வர வேண்டும் என்பது என் ஆசை. ஆடம்பரமாக வேண்டாம். பதினாறு பக்கம் போதும்.

சிவகாசிக்குக் காகிதம் வந்த கதையும் அவர் ஊர் ஊராகப் பாடிய வருஷங்களில்தான் நடக்கிறது. 1922-இல் பி. அய்ய நாடாரும் அ. சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்தார்கள். மறுவருஷம் ஊரில் தொழில் தொடங்கியது. மழை கம்மி, காற்றில் ஈரம் கம்மி, விவசாயத்தை நம்ப முடியாத பூமி. தீக்குச்சி காய அதுவே வசதி. 1927-இல் விருதுநகரிலிருந்து தென்காசிக்கு ரயில் வந்தது, சிவகாசி வழியாக. தீப்பெட்டிக்கு ஒட்ட லேபிள் வேண்டும். பட்டாசுக்குச் சுற்ற வண்ணத்தாள் வேண்டும். அதற்காக லித்தோ அச்சகங்கள் முளைத்தன. பிறகு காலண்டர், டைரி, சுவரொட்டி, கல்யாணப் பத்திரிகை, பாடப்புத்தகம் என்று கிளை விட்டது.

நாடகம் அந்த அச்சுக்குள்ளும் நுழைந்தது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. சிவகாசிக் காலண்டர் சாமி படங்களுக்குப் பெரிய ஆசான் கொண்டையராஜு. 1898-இல் பிறந்தவர். நாடகக் குழுக்களுக்குத் திரைச்சீலை எழுதிப் பிழைத்தவர். 1940-களில் நாடகக் குழுவோடு கோவில்பட்டிக்கு வந்தவர் அங்கேயே தங்கிவிட்டார். அவரும் அவருடைய சீடர்களும் எழுதிய முருகனும் லட்சுமியும் மீனாட்சி கல்யாணமும் சிவகாசியில் அச்சாகித் தமிழ்நாட்டு வீட்டுச் சுவர்களில் ஏறின. அந்தப் படங்களில் சாமிக்குப் பின்னால் வளைவும் தூணும் தோட்டமும் மலையும் தெரியும். இரண்டு பக்கமும் திரையை ஒதுக்கிக் கட்டியது போல் இருக்கும். அது நாடக மேடையின் சீன். வள்ளி திருமணத்தில் விஸ்வநாததாஸ் எந்தத் தினுசுத் திரைக்கு முன்னால் நின்று பாடினாரோ, அதே தினுசுத் தோட்டத்தில்தான் நம் வீட்டுக் காலண்டர் முருகன் நிற்கிறார். மேடையின் பாட்டு ஒரு காகிதத்தில் போக, மேடையின் படம் இன்னொரு காகிதத்தில் தங்கிவிட்டது. படம் தங்கிய அளவுக்குப் பாட்டு தங்கவில்லை.

எங்கே போயின அத்தனை பாட்டுப் புத்தகங்களும்? பலசரக்குக் கடைப் பொட்டலத்துக்குப் போனவை பாதி இருக்கும். எடைக்குப் போகிற பழைய காகிதத்துக்கு எங்கள் வட்டாரத்தில் இன்னொரு போக்கிடமும் உண்டு. வெடிக்குக் குழாய் சுருட்டப் பழைய தாள் வேண்டும். பள்ளிக்கூட நோட்டு, பழைய பேப்பர், கணக்குப் புத்தகம் என்று எதுவானாலும் கிழித்துப் பசை தடவிச் சுருட்டுவார்கள். தீபாவளி மறுநாள் தெருவில் கிடக்கும் காகிதத் துண்டுகளைக் குனிந்து பார்த்தால் யாரோ எழுதிய வாய்ப்பாடு, யாரோ அச்சடித்த செய்தி தெரியும். எந்தெந்தச் சிந்து அப்படி வெடித்துப் போனதோ, கணக்கு யாரிடமும் இல்லை.

மிச்சம் கிடைப்பதற்குச் சில தனி மனிதர்களே காரணம். செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா என்று ஒருவர். சென்னையில் விளம்பரப் பலகை எழுதும் ஓவியராக இருந்தவர்; மூர் மார்க்கெட்டில் பழைய புத்தகம் பார்த்துப் பார்த்து அதில் பித்துக்கொண்டவர். 1950-இல் ஊர் திரும்பிய பின் வாழ்நாள் முழுக்கச் சேர்த்தார். புத்தகம், பத்திரிகை மட்டும் போதும் என்று அவர் நிற்கவில்லை. நாடக நோட்டீஸ், பாட்டுப் புத்தகம், கல்யாணப் பத்திரிகை எல்லாம் எடுத்து வைத்தார். பூச்சி அரிக்காமல் பார்த்துக்கொண்டார். சுமார் ஒரு லட்சம் உருப்படிகள். 1992-இல் அவர் மறைந்த பின் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கி, தமிழ்நாட்டை விட்டு வெளியே கொண்டுபோகாமல், 1994-இல் சென்னையிலேயே நூலகமாக்கியது. இப்போது தரமணியில் இருக்கிறது.

எங்கள் வட்டாரத்தில் நாடகம் நிற்கவில்லை. பங்குனி, சித்திரையில் விருதுநகர், சாத்தூர், அருப்புக்கோட்டைப் பக்கத்துக் கிராமங்களுக்குப் போனால் சுவரில் ஆஃப்செட் நோட்டீஸ் பளிச்சென்று ஒட்டியிருக்கும். ஸ்பெஷல் நாடகம் என்பார்கள். ஒரே கம்பெனி நடிகர்கள் அல்ல. ராஜபார்ட் ஒரு ஊர், ஸ்திரீபார்ட் ஒரு ஊர், பபூன் ஒரு ஊர், ஆர்மோனியம் இன்னொரு ஊர். ஒத்திகை கிடையாது. மேடையில்தான் சந்திப்பார்கள். எல்லாருக்கும் பாட்டும் மெட்டும் பொது என்பதால் நாடகம் நடந்துவிடும். நோட்டீஸில் ஒவ்வொருவர் படத்துக்கும் கீழே எதுகை மோனையோடு ஒரு புகழ்ச்சி வரி, கைபேசி எண். பபூனும் டான்ஸ் பெண்ணும் வரும் காட்சியில் அந்த வாரத்துச் செய்தி எல்லாம் பாட்டாக வரும்: பஸ் கட்டணம், நூறு நாள் வேலை, செல்போன் மோகம், பட்டாசு வழக்கு. குஜிலிக்காரன் செய்த அதே வேலை. கூட்டம் சிரித்துத் தீர்க்கும். யாராவது அதைக் கைபேசியில் பிடித்து யூடியூபில் ஏற்றிவிடுவார்கள். வரிகளை எழுதி அச்சடிப்பவர்தான் இல்லை.

பழைய பாட்டுகளின் நிலைமை இதற்கு நேர் தலைகீழ். வரிகள் லண்டனிலும் தரமணியிலும் எழும்பூர் ஆவணக் காப்பகத்திலும் பத்திரமாக இருக்கின்றன. தலையில் மெட்டு இன்னதென்று குறிப்பும் இருக்கிறது. ஆராய்ச்சியாளர்களுக்கு அந்தக் குறிப்பு வெறும் பெயர். பாடச் சொன்னால் தெரியாது. அந்த மெட்டுகளில் பல மதுரையிலும் புதுக்கோட்டையிலும் இந்தக் கரிசல் ஊர்களிலும் நாடகத்துக்கு வாசிக்கும் ஆர்மோனியக்காரர்களின் விரலில் இன்றும் இருக்கின்றன. அவர்களிடம் அந்தப் புத்தகங்கள் இல்லை. பலர் அவற்றைப் பார்த்ததே இல்லை. நகல் எடுத்த பக்கங்களை ஒரு கட்டாகக் கொண்டுபோய் அவர்கள் முன் வைத்து, இந்த மெட்டைப் பிடியுங்கள் என்று கேட்க வேண்டும். பிடித்ததைப் பதிவு செய்ய வேண்டும். மதுரை நாடக நடிகர் சங்கத்தில் கேட்டால் மூத்த ஆர்மோனியக்காரர்கள் யார் யார் என்று சொல்வார்கள். அவர்களில் பலருக்கு வயது எழுபதைத் தாண்டியாயிற்று. நாடகம் இல்லாத ஆடி கழிந்த மாதங்களில் வீட்டில்தான் இருப்பார்கள்.